‘இன்னார் மகன்’ என்று சொன்னால் புரியாத ஊரில் வாடகை வீடு

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று நம் கடற்கரை ஊர்களில் ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டால் முதலில் வரும் கேள்வி, “தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?” என்பதுதான். அத்தாவின் பெயர், தெருவின் பெயர், எந்தப் பள்ளி ஜமாஅத் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் பேச்சு பாதி முடிந்துவிடும். வாடகை ஒரு மாதம் தவறினால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். அது பையனுக்கும் தெரியும் என்பதால் வாடகை பெரும்பாலும் தவறுவதில்லை.

நம் முன்னோர் சபுருக்குப் போனபோதும் இதே முறைதான் கூடவே போனது. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்கியவர் ஊர்க்காரர் கடையின் மாடியில் பாயை விரித்துக்கொண்டார். ‘இன்னார் மகன்’ என்ற ஒரு சொல்லே அவருக்கு அட்வான்ஸாகவும் ஜாமீனாகவும் இருந்தது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் முதுகலைப் படிப்புக்காக லெய்செஸ்டர், மான்செஸ்டர், டொராண்டோ, மெல்போர்ன் என்று போகிறார்கள். அங்கே அந்தச் சொல் செல்லாது. அதற்குப் பதிலாக அங்குள்ள வீட்டுக்காரர் கேட்பது ‘கிரெடிட் ஹிஸ்டரி’, அதாவது கடன் வரலாறு. நேற்று விமானத்தில் இறங்கிய பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்?

விசாவுக்கும் கல்விக் கட்டணத்துக்கும் ஒரு வருடம் ஓடியாடித் தயாராகும் குடும்பங்கள் வீட்டு விஷயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அந்த அவசரத்தில்தான் லட்சக்கணக்கில் பணம் போகிறது, வட்டிக் கடனும் வீட்டுக்குள் நுழைகிறது. எனவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கடன் வரலாறு என்றால் என்ன?

ஒருவர் வாங்கிய கடன், கிரெடிட் கார்டு, தவணை ஆகியவற்றை ஒழுங்காகக் கட்டினாரா என்பதை வங்கிகளிடமிருந்து திரட்டி வைக்கும் நிறுவனங்கள் பல நாடுகளிலும் உண்டு. நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது சிபில். 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுவார்கள். கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இருக்காது; அறிக்கையில் மைனஸ் 1 என்றோ ‘வரலாறு இல்லை’ என்றோ வரும்.

இதில் நம் குடும்பங்களின் நிலையைக் கவனிக்க வேண்டும். வட்டிக்குப் பயந்து கிரெடிட் கார்டே வாங்காமல், தவணையில் வண்டிகூட எடுக்காமல் வாழ்ந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தியாவிலேயே கடன் வரலாறு இருக்காது. இந்தியாவில் உள்ள பதிவை அமெரிக்க நிறுவனங்கள் படிக்கும்படி மாற்றித் தருகிற சேவைகள் இருக்கின்றன. ஆனால் பதிவே இல்லாதவருக்கு எதை மாற்றித் தருவார்கள்? யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காத மனிதர், அவர்களுடைய கணக்கில் ‘தெரியாத மனிதர்’ ஆகிவிடுகிறார். இது நியாயமா என்று நமக்கும் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் வீட்டுக்காரரின் இடத்தில் நின்று பார்த்தால் அவருடைய பயமும் பொய்யில்லை. பாதியில் விமானம் ஏறிவிடக்கூடிய ஒருவருக்கு அவர் தன் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார்.

பிணை கேட்பது அவமானமல்ல

முன்பின் தெரியாதவர்களுக்கு இடையே கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்க வேண்டும் என்பதை மார்க்கம் நமக்கு முன்பே சொல்லித் தந்திருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியும் சாட்சிகளைப் பற்றியும் பேசுகிறது. அடுத்த வசனம் 2:283 பயணத்தில் இருப்பவர்களைப் பற்றியது. எழுதுபவர் கிடைக்காவிட்டால் கைப்பற்றக்கூடிய ஒரு பிணைப்பொருளைக் கொண்டு காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதும், ஒருவரையொருவர் நம்பினால் நம்பப்பட்டவர் அந்த அமானிதத்தை நிறைவேற்ற வேண்டும் என்பதும் அதன் கருத்து. ஊரில் ஆதாரம் எதுவும் இல்லாத வழிப்போக்கரின் நிலைமை அப்படியே அதில் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில், சொந்த ஊரிலேயே, ஒரு யூதரிடம் வாங்கிய வாற்கோதுமைக்காகத் தமது கவச உடையை அடைமானம் வைத்திருந்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரி ஹதீஸில் பார்க்கிறோம். அல்அமீன் என்று பெயர் பெற்றவரிடமே பிணை பெறப்பட்டது; அதை யாரும் இழிவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே “நம்மளை நம்ப மாட்டேங்கிறாங்களே” என்று பிள்ளை போனில் வருத்தப்பட்டால், அட்வான்ஸோ ஜாமீனோ கேட்பதே தவறல்ல என்று எடுத்துச் சொல்லலாம். எவ்வளவு கேட்கிறார்கள், எந்தப் பெயரில் கேட்கிறார்கள், திரும்ப வருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

‘அட்வான்ஸ்’ என்ற சொல்லில் உள்ள குழி

தமிழ்நாட்டில் நாம் அட்வான்ஸ் என்று சொல்வது, வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். இங்கிலாந்திலும் கனடாவிலும் அதற்குப் பெயர் ‘டெபாசிட்’. அங்கே ‘அட்வான்ஸ் ரென்ட்’ என்றால் வரப்போகும் மாதங்களின் வாடகையை முன்கூட்டியே கட்டுவது. அது வாடகையாகக் கழிந்துவிடும், திரும்பி வராது. பிள்ளை போனில் “ஆறு மாச அட்வான்ஸ் கேக்குறாங்க” என்று சொல்ல, அத்தா அது வரவேண்டிய பணம் என்று எண்ணிக்கொண்டு மாமனாரிடம் கைமாற்று வாங்கி அனுப்புகிறார். பிறகு வீட்டுக்குள் மனக்கசப்பு வருகிறது. பணம் அனுப்புமுன், இது டெபாசிட்டா, முன்வாடகையா என்று பிள்ளையிடம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் நிலைமை

இங்கிலாந்தில் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் 6 மாத வாடகையையோ 12 மாத வாடகையையோ மொத்தமாகக் கேட்பது பல ஆண்டுகளாக வழக்கமாக இருந்தது. மாதம் 600 பவுண்டு வாடகை என்று வைத்துக்கொண்டால் 12 மாதத்துக்கு 7,200 பவுண்டு. பவுண்டுக்கு 110 ரூபாய் என்று கணக்குப் போட்டாலே 7 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய். கல்விக் கட்டணம் கட்டிய கையோடு இதையும் கட்ட முடியாமல் நகையை வட்டிக்கு அடகு வைத்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு.

2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் இதை மாற்றியது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்வாடகையாகக் கேட்கவோ வாங்கவோ கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வாடகை என்ற பெயரில் எதையும் வாங்கக் கூடாது. வாடகைக் காலம் தொடங்கும் முன் “நாங்களே விரும்பித் தருகிறோம்” என்று சொல்லிக் கூடுதலாகக் கொடுப்பதற்கும் அதில் வழியில்லை. பல்கலைக்கழகமே நடத்தும் விடுதிகள் இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே பருவத்துக்கு ஒருமுறை கட்டும் முறை இருக்கலாம். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

டெபாசிட்டுக்கு 2019 ஜூன் முதலே வரம்பு இருக்கிறது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் 5 வார வாடகைக்கு மேல் வாங்க முடியாது. வீட்டைப் பிடித்து வைப்பதற்கான முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. இடைத்தரகர் பத்திரச் செலவு, விசாரணைச் செலவு என்று தனியாகக் கட்டணம் கேட்பதும் தடை. வாங்கிய டெபாசிட்டை வீட்டுக்காரர் பதிவு செய்யாமல் வைத்துக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் 30 நாளுக்குள் பதிவு செய்து, அந்த விவரத்தை வாடகைதாரருக்குத் தர வேண்டும். பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆனதும், “டெபாசிட் பதிவுச் சீட்டு வந்துச்சா?” என்று கேளுங்கள். “சாப்பிட்டியா?” என்பதோடு இதையும் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

குடியிருக்க உரிமை உண்டா என்று வீட்டுக்காரர் சோதிப்பது சட்டப்படி அவருடைய கடமை. இப்போது விசா மின்வடிவில் இருப்பதால், பிள்ளை அரசுத் தளத்தில் ஒரு பகிர்வுக் குறியீடு எடுத்துக் கொடுத்தால் போதும். பாஸ்போர்ட்டைக் காட்டலாம், பிடித்து வைத்துக்கொள்ளக் கொடுக்க வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், முறையான விசாவில் அங்கே வசிக்கும் இந்திய மாணவர் பிரிட்டனின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். அங்குள்ள கடன் தகவல் நிறுவனங்கள் ஒருவரின் முகவரியை உறுதிசெய்ய அந்தப் பட்டியலைத்தான் பார்க்கின்றன. அதோடு உள்ளூர் வங்கிக் கணக்கும், மாதாமாதம் தவறாமல் கட்டும் கைபேசி ஒப்பந்தமும் சேர்ந்தால், வட்டி தரும் கார்டு எதுவும் வாங்காமலே ஓரளவு வரலாறு உருவாகிவிடும். இரண்டாம் வருடம் வீடு மாறும்போது அது கைகொடுக்கும்.

கனடாவும் மற்ற நாடுகளும்

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுக்காரர் டெபாசிட்டாக வாங்கக்கூடியது ஒரு மாத வாடகை மட்டும். அதையும் கடைசி மாத வாடகைக்குத்தான் கழிக்க வேண்டும். சுவர் உடைந்தது, பெயிண்ட் போனது என்பதற்காகத் தனி டெபாசிட் கேட்க அனுமதியில்லை. அங்குள்ள மனித உரிமை விதிகளின்படி, வாடகை வரலாறோ கடன் வரலாறோ இல்லை என்பதை மட்டும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வந்தவர்களுக்காகவே இருக்கும் பாதுகாப்பு இது. நடைமுறையில் ஆறு மாதம் கொடு, எட்டு மாதம் கொடு என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். சட்டம் தெரிந்த பிள்ளை பேசினால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். அந்த டெபாசிட்டுக்கு வீட்டுக்காரர் ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும் என்றும் ஒன்டாரியோ சட்டம் சொல்கிறது. நாம் கேட்காமலே நம் கணக்குக்கு வரும் அந்தத் தொகையை என்ன செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கியூபெக்கில் டெபாசிட் கேட்கவே முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரை மாத வாடகை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வழக்கமாக 4 வார வாடகை. அதை அரசு அமைப்பிடம் செலுத்த வேண்டும். மலேசியாவைப் பற்றி நம் மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்பது அங்கே பழகிப்போன கணக்கு. ஆனால் அது வழக்கம்தான். எனவே பேசிக் குறைக்கலாம், எழுதியும் வாங்கலாம்.

ஜாமீன்: உறவு முறியாமல் இருக்க

முன்வாடகை வாங்கும் வழி அடைபட்ட பிறகு இங்கிலாந்து வீட்டுக்காரர்கள் ஜாமீன்தாரரைத்தான் அதிகம் கேட்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஜாமீன்தாரர் அங்கேயே வசிப்பவராகவும் நிலையான வருமானம் உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்பார்கள். புதுக்கோட்டையில் எவ்வளவு பெரிய கடை வைத்திருந்தாலும் அத்தா அதற்கு ஆகமாட்டார்.

ஃபிக்ஹில் இதை கஃபாலத் என்கிறோம். கடன்பட்டு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராதபோது, அந்தக் கடனுக்குத் தாம் பொறுப்பு என்று அபூ கதாதா (ரலி) அவர்கள் சொன்ன பிறகே தொழுவித்த சம்பவம் புகாரியில் இருக்கிறது. பிறர் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வது அவ்வளவு கனமான காரியம். லண்டனில் இருக்கும் மச்சானிடமோ சாச்சா மகனிடமோ “ஒரு கையெழுத்துதானே” என்று கேட்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுபவர் மூன்று விஷயங்களைப் பார்த்தே ஆகவேண்டும். முதலாவது, பொறுப்பு எவ்வளவு தொகை வரை என்பது. இரண்டாவது, எந்தத் தேதி வரை என்பது. பிள்ளை வீட்டைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் ஜாமீனும் தொடர்கிறதா? மூன்றாவதுதான் பலரைக் கவிழ்ப்பது. நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்தால், ஒருவன் வாடகை கட்டாமல் போய்விட்டாலும் மற்ற மூவரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம் என்பது அங்குள்ள சட்டம். ஜாமீன் பத்திரமும் அதே மாதிரி எழுதப்பட்டிருந்தால், முன்பின் தெரியாத யாரோ ஒரு பையனின் வாடகைக்கு நம் மச்சான் பதில் சொல்ல வேண்டிவரும். ‘இந்த மாணவரின் பங்கு வாடகைக்கு மட்டும்’ என்று எழுதி வாங்குவது அவசியம். தனித்தனி அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இங்கே ஊரில் அத்தாவும் மச்சானும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்: பிள்ளை கட்டத் தவறினால் மச்சான் கொடுக்கும் தொகையை இத்தனை நாளில் அத்தா திருப்பிக் கொடுப்பார் என்று. “குடும்பத்துக்குள்ள எழுத்தா?” என்று முகம் சுளிப்பவர்கள் 2:282ஐ ஒருமுறை ஓதிப் பார்க்கலாம். எழுதாமல் விட்டதால் ஒரே வீட்டுப் பெருநாள் இரண்டு வீட்டுப் பெருநாளாகப் பிரிந்ததைப் பார்த்திருக்கிறோம்.

உறவினர் இல்லாதவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. இதில் மார்க்கச் சிக்கல் ஒன்று உண்டு. ஜாமீன் என்பது உதவிக்கான ஒப்பந்தம். ஜாமீன் நிற்பதற்காகவே கூலி வாங்கக் கூடாது என்பது பெரும்பாலான ஃபுகஹாக்களின் கருத்து. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் வங்கி உத்தரவாதக் கடிதம் பற்றிய தீர்மானத்தில் இதையே சொன்னது. அலுவலகச் செலவுக்கான தொகையை மட்டும் வாங்கலாம் என்றது. இதில் எது செலவு, எது கூலி என்று பிரிப்பது நம் வேலையல்ல. வேறு வழியில்லாத மாணவர் தம் நிலைமையை ஆலிம்களிடம் சொல்லிக் கேட்கட்டும். சில பல்கலைக்கழகங்களே தம் மாணவர்களுக்கு ஜாமீன் நிற்கின்றன என்பதால், முதலில் அங்கே மின்னஞ்சல் அனுப்பிப் பார்ப்பது நல்லது.

எங்களுக்கு ஓர் ஆசை உண்டு. துபாயிலும் மலேசியாவிலும் நம் ஊர்களின் பெயரில் சங்கங்கள் நடத்துகிறோம். பள்ளிவாசல் கட்ட, மதரஸாவுக்கு, மருத்துவ உதவிக்கு என்று வசூல் செய்கிறோம். பிரிட்டனிலும் கனடாவிலும் குடியேறிய நம் மாவட்டத்துக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, வருடத்துக்கு நாலைந்து மாணவர்களுக்குக் கூட்டாக ஜாமீன் நிற்கலாம். இழப்பு வந்தால் பத்தாகப் பிரியும், யார் தலையிலும் பெரிய சுமை விழாது.

புறப்படும் முன் செய்யவேண்டியது

கடன் வரலாறு இல்லாவிட்டாலும் வாடகை வரலாறு இருக்கலாம். திருச்சியிலோ சென்னையிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, மாதக் கட்டணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் தன் வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கட்டும். புறப்படும்போது விடுதிப் பொறுப்பாளரிடம், எத்தனை மாதம் தங்கினார், கட்டணம் தவறியதில்லை, அறையைச் சேதமின்றி ஒப்படைத்தார் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளட்டும். ஒரு வருட வங்கிக் கணக்கு அறிக்கை, கல்வி உதவித்தொகைக் கடிதம், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், அத்தாவின் வருமான வரிச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்திருந்தால் வீட்டுக்காரர் படித்துப் பார்ப்பார். நம் ஜமாஅத் கடிதம் அங்கே கடன் வரலாறாகச் செல்லாது. ஆனால் போன ஊரில் பள்ளிவாசலோடு தொடர்பு வைத்துக்கொண்டால், அறை காலியாக இருக்கும் செய்தி முதலில் வருவது அங்கேதான்.

முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியிலேயே இருப்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். வாடகை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் அங்கே கடன் வரலாறு கேட்பது குறைவு; பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள் மட்டும் தங்கும் பகுதியைக் கேட்டு வாங்கலாம். ஊர் பழகி, நண்பர்களைப் பார்த்துத் தெரிந்த பிறகு வெளியே வீடு தேடலாம்.

மோசடியைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் அழகான வீடு, குறைந்த வாடகை, ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று வந்தால் அது வீடே அல்ல. இங்கிலாந்தில் 7 பவுண்டு கட்டி, ஒரு வீட்டின் உரிமையாளர் பெயரை நிலப்பதிவுத் துறையின் தளத்திலேயே பார்த்துவிடலாம். பிள்ளையோ அங்குள்ள நண்பரோ நேரில் போய்ப் பார்க்காத வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

நம் வாசலில் நிற்கும் வெளிநாட்டு மாணவர்

நம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்குத் திருச்சியில் வீடு இருக்கிறது. சபுரில் சம்பாதித்துக் கட்டியது. மாடியை வாடகைக்கு விட்டிருப்பார்கள். திருச்சி என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கு ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சிபில் கிடையாது, நமக்குப் புரியும் குடும்பப் பெயர் கிடையாது. நம் பிள்ளை லெய்செஸ்டரில் எப்படி நிற்கிறானோ அப்படியே இவர்கள் நம் வாசலில் நிற்கிறார்கள். பெயரைக் கேட்டதும் “வீடு முடிஞ்சிருச்சு” என்ற பதிலைச் சென்னையிலும் பெங்களூரிலும் கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பதிலை நிறத்தைப் பார்த்து நாமே இன்னொருவருக்குச் சொல்லலாமா?

பயம் இருந்தால் காகிதங்களைக் கேட்கலாம். பாஸ்போர்ட், மாணவர் விசா, கல்லூரியின் சான்றுக் கடிதம் இந்த மூன்றும் போதும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர் இந்தியா வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றையும் பார்க்கலாம். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் மற்றதைச் சொல்லிவிடுவார்கள்.

நம் பக்கம் ஒரு கடமை இருக்கிறது. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். ‘சி படிவம்’ என்று பழகிப்போனது இதுதான். ஓட்டல்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தனி வீடுகளும் இதில் அடக்கம். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. மாவட்டங்களில் இதைக் கவனிப்பது காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். மலேசிய பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்கு வந்து நம் வீட்டில் ஒரு மாதம் தங்கும் மச்சானுக்கும் இது பொருந்தும் என்பதை நம் கடற்கரை ஊர்களில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டம். திருச்சி, புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற நகரங்களில் வீடு விடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கசக்கும். வீட்டுக்காரர் சபுரில் இருந்தால் கையெழுத்திட ஊரில் ஒருவருக்கு முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

சிலர், “வாடகையே வேண்டாம், ரெண்டு வருசத்துக்கு ஒத்தியா அஞ்சு லட்சம் குடுங்க” என்று கேட்கிறார்கள். ஒத்திப் பணம் முழுதாகத் திரும்பி வருவதால் அது கடன். அந்தக் கடனுக்குப் பகரமாக வீட்டில் குடியிருப்பது வட்டியில் சேரும் என்றே பெரும்பாலான உலமாக்கள் சொல்கிறார்கள். வெளிநாட்டு மாணவரின் பெற்றோருக்கு இந்த வழக்கமும் தெரியாது, அதிலுள்ள ஹராமும் தெரியாது. அவர்களை அதில் இழுக்க வேண்டாம்.

குடிவரும் நாளில் மின் மீட்டர் அளவு, குழாய், கதவு, சுவர் எல்லாவற்றையும் இரு தரப்பும் சேர்ந்து போனில் படமெடுத்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வெளிநாட்டு மாணவருக்கு அந்த ஒரு மாதம் உதவாது. அவருடைய விசா முடிந்திருக்கும், இங்குள்ள வங்கிக் கணக்கையும் மூடியிருப்பார், இனி இந்த ஊருக்கு வருவாரோ மாட்டாரோ தெரியாது. கரண்ட் பில்லையும் சேதத்தையும் ஒரு வாரம் முன்பே பார்த்துக் கழித்துவிட்டு, மீதியைச் சாவி வாங்கும் அன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.